சவாமுரா படிக்காமல் போன பல்கலைக்கழகம்

என் தம்பிக்குப் பதினேழு வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். படிக்கிறான் என்பதைவிட, அங்கே பெயர் இருக்கிறது என்று சொல்வது சரி. மனம் முழுக்கக் காற்பந்துத் திடலில்தான். போன மாதம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் விளையாடப் போவதாகச் சொன்னான். அப்பா சாப்பாட்டை முடிக்காமலேயே எழுந்து போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மூத்தவன், பல்கலைக்கழகத்தில் படிப்பவன், அதனால் எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

எனக்குக் காற்பந்து வராது. உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் இணைப்பாட நடவடிக்கையாக சாஃப்ட்பால் விளையாடியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நாள்களில் எங்கள் பயிற்றுவிப்பாளர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். மெலிந்த ஓர் இளைஞர், இடது காலைத் தலைக்கு மேல் உயரும் அளவுக்குத் தூக்கியபடி, பந்து வீசப்போகும் கணத்தில் நிற்கிறார். அப்படிக் காலைத் தூக்கிப் பார்த்து நாங்கள் எல்லாரும் புல்தரையில் விழுந்தோம். அவர் பெயர் எய்ஜி சவாமுரா என்பதும், பேஸ்பால் விளையாட்டில் ஜப்பானியர் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பெயர் அது என்பதும் பிறகுதான் தெரிந்தது. தம்பியிடம் என்ன பேசுவது என்று யோசித்தபோது எனக்கு முழுதாகத் தெரிந்த விளையாட்டாளர் வாழ்க்கை அது ஒன்றுதான்.

சவாமுரா 1917 பிப்ரவரி முதல் தேதி, ஜப்பானின் மியே மாநிலத்தில் உஜியமடா என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊரின் பெயர் இசே. காய்கறி, பழம் விற்கும் குடும்பம். வசதியான வீடு இல்லை. பையன் பந்தை வேகமாக வீசுகிறான் என்பது சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. கியோட்டோவில் உள்ள வணிகப் பள்ளி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஜப்பானில் பள்ளிப் பேஸ்பால் என்றால் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிபோல் நினைத்துவிடக் கூடாது. கோஷியென் என்ற பெரிய மைதானத்தில் வசந்த காலத்திலும் கோடையிலும் நடக்கும் பள்ளிப் போட்டிகளை நாடே கவனிக்கும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தோற்ற அணிப் பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைக் கையால் அள்ளிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அந்த மைதானத்தில் சவாமுரா 1933லும் 1934லும் தம் பள்ளிக்காகப் பந்து வீசினார். அவர் வீசிய பந்தை மட்டையால் தொட முடியாமல் எதிரணியினர் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள்.

அடுத்து என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பல்கலைக்கழகம்தான். அப்போது ஜப்பானில் தொழில்முறை அணிகளின் லீக் என்று ஒன்று கிடையாது. பெரிய ஆட்டம் என்றால் தோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் மோதும் ஆட்டம். அதிலும் கேயோவும் வசேடாவும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரியும். காசு வாங்கிக்கொண்டு பந்து விளையாடுவதைப் பலர் கௌரவக் குறைவாகவே நினைத்தார்கள். சவாமுராவுக்குக் கேயோவில் இடம் ஏறக்குறைய உறுதியாகி இருந்தது. அங்கே படித்துக்கொண்டே விளையாடுவது, அதன் பிறகு ஒரு நல்ல வேலை. காய்கறிக் கடைக்காரர் ஒருவரின் மகனுக்கு அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் அந்த ஏணி தெரிந்ததுதான்.

அந்த நேரத்தில்தான் மட்சுதாரோ ஷோரிகி வந்தார். யோமியூரி நாளிதழின் முதலாளி. அதற்கு முன் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். பத்திரிகை விற்பனையை உயர்த்த அவர் பிடித்துக்கொண்ட வழிகளில் ஒன்று பேஸ்பால். 1934 நவம்பரில் அமெரிக்காவின் ஆகப் பெரிய நட்சத்திரங்களை ஜப்பானுக்கு அழைத்தார். பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர். இந்தப் பெயர்கள் பழக்கமில்லாத வாசகர்கள், உலகக் கிண்ணம் வென்ற ஒரு காற்பந்து அணி அப்படியே நம் ஊருக்கு வந்து இறங்குவதாக நினைத்துக்கொள்ளலாம். அவர்களை எதிர்க்க ஜப்பானிடம் ஓர் அணி வேண்டும். அந்த அணிக்கு சவாமுரா வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் விளையாடக் கூடாது என்று ஜப்பானியக் கல்வி அமைச்சு 1932ல் விதி போட்டிருந்தது. ஆகவே அமெரிக்கர்களுக்கு எதிராகப் பந்து வீச வேண்டும் என்றால் சவாமுரா மாணவராக இருக்கக் கூடாது. பள்ளியை விட வேண்டும். பள்ளியை விட்டால் கேயோவும் போய்விடும். வாழ்நாள் முழுவதும் பையனைத் தாம் பார்த்துக்கொள்வதாக ஷோரிகி தரப்பு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. மாதாமாதம் நல்ல சம்பளமும் கிடைக்கும். வீட்டில் பணத் தேவை இருந்தது.

பள்ளி இறுதி ஆண்டை முடிக்காமலேயே சவாமுரா வெளியேறினார். அப்போது அவருக்குப் பதினேழு வயது.

இந்த இடத்தில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் அவருக்கு நன்றாக அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் விளையாடிய மற்ற ஆட்டங்களில் அமெரிக்கர்கள் அவர் பந்துகளை விளாசினார்கள். ஜப்பான் அணி அந்தத் தொடரில் அமெரிக்கர்களை ஒரு முறைகூட வெல்லவில்லை. அவரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் இதை மெல்லக் கடந்து போய்விடுகிறார்கள். பள்ளியை விட்டுவிட்டு வந்த பையன், நாடே பார்க்க அடி வாங்கிக்கொண்டிருந்தான். அந்த இரவுகளில் அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நவம்பர் 20, ஷிசுவோகா நகரின் குசனாகி மைதானம். அன்று எல்லாம் மாறியது. பேஸ்பாலில் ஒருவர் பந்து வீசுவார், எதிரணி வீரர் மட்டையால் அடிக்க வேண்டும். மூன்று முறை தவறவிட்டால் ஆட்டமிழப்பு. அதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். அன்று சவாமுரா கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் ஆகிய நால்வரையும் தொடர்ந்து ஸ்ட்ரைக் அவுட் செய்தார். உலகத்தின் ஆகச் சிறந்த நான்கு மட்டைகள், அடுத்தடுத்து. அன்றைய ஆட்டம் முழுவதிலும் ஒன்பது பேர் அவரிடம் அப்படி வீழ்ந்தார்கள். ஆறு சுற்றுகள் முடியும் வரை அமெரிக்கர்களுக்கு ஓர் ஓட்டம்கூட இல்லை. ஏழாவது சுற்றில் லூ கெரிக் ஒரு பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடித்தார். ஹோம் ரன். அது ஒன்றுதான் ஓட்டம். 1-0 என்ற கணக்கில் ஜப்பான் தோற்றது. தோற்ற ஆட்டம் ஒன்றுக்காக ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளாக நினைக்கப்படுவது விளையாட்டு வரலாற்றில் அபூர்வம். அந்த மைதானத்தில் இன்று சவாமுராவுக்கும் பேப் ரூத்துக்கும் சிலைகள் இருக்கின்றன.

அந்த ஒற்றை ஹோம் ரன்னை அடித்த லூ கெரிக்கின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் நியூயார்க்கில் குடியேறிய ஏழை ஜெர்மானியக் குடும்பத்தின் பிள்ளை. 1920ல், பதினேழு வயதுப் பள்ளி மாணவராக, சிகாகோவின் பெரிய மைதானத்தில் பந்தை வெளியே அடித்துப் பெயர் வாங்கியவர். மகன் பொறியாளராக வேண்டும் என்பது அம்மாவின் கனவு. சமையல், சலவை, வீட்டு வேலை என்று பாடுபட்ட பெண்மணி அவர். கெரிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் சேரும் முன் கோடை விடுமுறையில் வேறு பெயரில் ஒரு தொழில்முறை அணிக்குச் சில ஆட்டங்கள் விளையாடியது தெரிந்துபோய், முதலாண்டில் அவரைக் கல்லூரி விளையாட்டுகளில் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்தார்கள். 1923ல் ஒரே ஆட்டத்தில் பதினேழு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த ஆண்டே நியூயார்க் யாங்கீஸ் அணி 1,500 டாலர் முன்பணம் நீட்டியது. வீட்டில் உடம்புக்கு முடியாத பெற்றோர். படிப்பை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆக, 1934ல் அந்த ஒரு பந்தின் இரு முனைகளிலும் நின்றவர்கள், வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்ட இருவர். கெரிக்குக்கு அந்த முடிவு எல்லாவற்றையும் கொடுத்தது. ஓர் ஆட்டமும் விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடினார். கடைசியில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்து, 1941ல் முப்பத்தேழு வயதில் இறந்தார். அந்த நோயை அமெரிக்காவில் இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த நோய் கொலம்பியாவில் பட்டம் வாங்கியிருந்தாலும் வந்திருக்கும். சவாமுராவுக்கு வந்தது அப்படிப்பட்டது இல்லை.

1934 டிசம்பரில் ஷோரிகி தம் தொழில்முறை அணியைத் தொடங்கினார். இன்றைய யோமியூரி ஜயண்ட்ஸ் அணியின் தொடக்கம் அது. அடுத்த ஆண்டு அணி கப்பலேறி அமெரிக்கா போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடியது. 1936ல் ஜப்பானில் தொழில்முறை லீக் தொடங்கியது. செப்டம்பர் 25ஆம் தேதி, ஒசாக்கா டைகர்ஸ் அணிக்கு எதிராக, சவாமுரா ஒரு முழு ஆட்டத்தில் எதிரணியினர் ஒருவரையும் முறையான ஓர் அடிகூட அடிக்க விடவில்லை. நோ-ஹிட்டர் என்பார்கள். ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் அதுதான் முதலாவது. அந்த ஆண்டு இறுதியில் வெற்றியாளரை முடிவு செய்ய அதே டைகர்ஸுடன் மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் அவர்தான் பந்து வீசினார். ஜயண்ட்ஸ் வென்றது. 1937 வசந்த காலத்தில் 24 வெற்றிகள், 4 தோல்விகள். மே மாதம் மீண்டும் ஒரு நோ-ஹிட்டர். லீக்கின் முதல் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. இருபது வயது.

அதே 1937ல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. இருபது வயதான ஜப்பானிய ஆண்கள் ராணுவ உடற்தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் படிப்பு முடியும் வரை படைச் சேவையைத் தள்ளிவைக்க அனுமதி இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் சிலர் இதைத் தெரிந்துகொண்டு, இரவு நேரக் கல்லூரிகளில் பெயரைப் பதிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பள்ளியையே முடிக்காத சவாமுராவுக்கு அந்தக் கதவு அடைத்திருந்தது. கேயோவுக்குப் போயிருந்தால் அந்த ஆண்டு அவர் மாணவராக இருந்திருப்பார். 1934ல் அந்த வீட்டில் உட்கார்ந்து சம்பளத்தையும் படிப்பையும் எடைபோட்டவர்களில் ஒருவரும் தராசின் ஒரு தட்டில் இப்படி ஒன்று இருப்பதைக் கண்டிருக்க முடியாது.

1938 ஜனவரியில் அவர் படையில் சேர்க்கப்பட்டார். சீனாவுக்கு அனுப்பப்பட்டார்.

ராணுவத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை அவருடைய கைக்குத்தான். நன்றாக எறியத் தெரிந்தவர், எனவே கையெறிகுண்டு எறியச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு வேறு இடத்தில் இருந்த ஒரு நினைவு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புலாவ் தெக்கோங்கில் அடிப்படை ராணுவப் பயிற்சியின்போது நானும் கையெறிகுண்டு எறிந்தேன். அதற்கு முன் வெறும் மாதிரிக் குண்டுகளை நாள் முழுக்க எறிந்து பழகினோம். சாஃப்ட்பால் ஆடியவன் என்ற திமிரில் நான் முதல் நாள் பந்தைப்போலவே மணிக்கட்டைச் சுழற்றி எறிந்தேன். மறுநாள் காலை பல் துலக்கக் கையைத் தூக்க முடியவில்லை. பேஸ்பால் பந்தின் எடை 150 கிராம்கூட இல்லை. ஜப்பானியக் கையெறிகுண்டு அதைப்போல் மூன்று மடங்கு. வாழ்நாள் முழுவதும் ஓர் எடைக்குப் பழகிய தோள், திரும்பத் திரும்ப மூன்று மடங்கை எறிந்தால் என்னவாகும்? சவாமுராவின் தோள் போனது. இடது கையில் துப்பாக்கிக் காயம். மலேரியாவும் சேர்ந்துகொண்டது.

என் தேசிய சேவையையும் அவருடைய போரையும் ஒன்றாக வைக்கவில்லை. நான் சுட்டது அட்டை இலக்குகளை. வார இறுதியில் வீட்டுக்கு வந்து அம்மா சமைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டேன். அவர் இன்னொரு நாட்டுக்குள் புகுந்த ஒரு படையில் இருந்தார்.

இதை எழுதும்போது என் பாட்டி அருகில் இருந்தார். ஒரு ஜப்பானியப் படைவீரரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பாட்டி போருக்குப் பின் பிறந்தவர்தான். ஆனால் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் தம் அம்மா சொன்னவற்றைக் கேட்டு வளர்ந்தவர். மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதை, சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன கதை, போன உறவினர் திரும்பாத கதை. அந்தப் படையின் சீருடை போட்டவரை நான் பரிதாபத்துக்குரியவராக எழுதலாமா என்று பாட்டி கேட்கவில்லை. எழுந்துபோய்த் துணி மடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. சவாமுரா அந்தப் போரைத் தொடங்கவில்லை. அதே நேரம், அவருடைய தோளைப் பாழாக்கிய குண்டுகள் காற்றில் போய் விழவில்லை, மனிதர்கள் மீது விழுந்தன. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

1940ல் திரும்பி வந்தார். பழைய வேகம் கையில் இல்லை. காலைத் தலைக்கு மேல் தூக்கும் அந்த வீச்சும் இல்லை. கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசும் முறைக்கு மாறினார். வேகம் இல்லாதபோது இடம் பார்த்து வீச வேண்டும், அடிப்பவரின் மனத்தைப் படிக்க வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு ஜூலை 6ஆம் தேதி நகோயா அணிக்கு எதிராக மூன்றாவது நோ-ஹிட்டரை வீசினார். என்னைக் கேட்டால், நான்கு அமெரிக்கர்களை வீழ்த்திய அந்த நவம்பர் நாளைவிட இதுதான் பெரிது. முதலாவதை வீசியது பிறவியில் கிடைத்த கை. மூன்றாவதை வீசியது உடைந்த கை.

1941ல் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு இரண்டாவது முறை படைக்கு அழைப்பு. இந்த முறை பிலிப்பீன்ஸ். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தபோது அவர் நமக்குக் கிழக்கே, அதே கடற்பகுதியின் மறுகரையில் இருந்தார். 1943ல் திரும்பினார். அந்த ஆண்டு பந்து வீசியதில் மூன்று தோல்விகள், ஒரு வெற்றியும் இல்லை. பக்கவாட்டில்கூடக் கை வரவில்லை, அடியிலிருந்து வீசிப் பார்த்தார். அக்டோபரில் கடைசியாகக் களமிறங்கியது பந்து வீச அல்ல, இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க.

1944 தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அவரை விடுவித்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்வதாகக் கொடுத்த வாக்குக்கு ஆயுள் ஒன்பதே ஆண்டுகள். வேறு அணிக்குப் போக நினைத்தார். ஜயண்ட்ஸ் வீரராகவே முடித்துக்கொள்வது கௌரவம் என்று தடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கௌரவத்தைக் கொண்டு யார் வீட்டில் உலை வைப்பது என்று எனக்குக் கோபமாக வந்தது. அவருக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள்.

மூன்றாவது அழைப்பு வந்தது. 1944 டிசம்பர் 2, பிலிப்பீன்ஸை நோக்கித் துருப்புகளை ஏற்றிச்சென்ற கப்பலை ஓர் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. சவாமுரா அதில் இருந்தார். வயது 27. பத்து ஆண்டுகளுக்கு முன் ஷிசுவோகாவில் அவர் எதிர்த்து ஆடியதும் அமெரிக்கர்களைத்தான்.

கேயோவுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? தம்பியிடம் இதைச் சொல்லி மடக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. 1943ல் ஜப்பானிய அரசு பெரும்பாலான பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. அந்த அக்டோபர் 16ஆம் தேதி கேயோவும் வசேடாவும் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடின. படைக்குப் போகும் மாணவர்களை வழியனுப்பும் ஆட்டம். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 21, தோக்கியோ மைதானத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தோளில் துப்பாக்கியுடன் மழையில் அணிவகுத்தார்கள். பலர் திரும்பவில்லை. படிப்பு சவாமுராவுக்கு உயிரைத் தந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. சில ஆண்டுகளைத் தந்திருக்கும். இருபத்தொன்றிலிருந்து இருபத்து மூன்று வரை, ஒரு பந்து வீச்சாளரின் ஆக நல்ல ஆண்டுகளை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் தம்பிக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எனக்குச் சங்கடம். போருக்குப் பின் 1947ல் சவாமுராவின் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தினார்கள். ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளருக்கு மட்டும். தகுந்தவர் இல்லை என்று தோன்றினால் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். 2019லும் 2024லும் கொடுக்கவில்லை. அவர் அணிந்த 14ஆம் எண்ணை ஜயண்ட்ஸ் அணியில் அதன் பிறகு யாரும் அணியவில்லை. அந்த விருதை 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று முறை வாங்கியவர் யோஷிநோபு யமமோட்டோ. இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸில் ஆடுகிறார். தம்பிக்கு பேஸ்பால் தெரியாது, ஆனால் யமமோட்டோவைத் தெரியும். அவர் பல்கலைக்கழகம் போகாமல் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறை அணிக்குப் போனவர் என்பதையும் உடனே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். வெற்றிக் களிப்புடன் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

யமமோட்டோ பள்ளிப் படிப்பை முடித்தார் என்று மட்டும் சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். யார் என்ன வாக்குக் கொடுக்கிறார்கள், அது எழுத்தில் இருக்கிறதா, காலில் அடிபட்டால் யார் செலவு செய்வார்கள், தொழிற்கல்லூரிப் படிப்பை விட்டால் அதற்காகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கும் தேசிய சேவை எப்போது வரும். கடைசிக் கேள்வியை அவன் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அப்பாவை அழைத்து அந்தத் தாளைக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம் பங்குக்கு இரண்டு கேள்விகளைச் சேர்த்தார். இன்னும் முடிவு எடுக்கவில்லை. தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, மேல் கட்டிலிலிருந்து தம்பி ஒன்று கேட்டான். அந்த ஏழாவது சுற்றில் கெரிக் அடித்தது என்ன பந்து? வளைந்து விழும் பந்து என்றேன். அதை வீசும்போது மட்டும் சவாமுராவின் உதடு லேசாகக் கோணும் என்றும், அமெரிக்கர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அடுத்த ஆட்டத்துக்குள் அந்த உதட்டை அவர் சரிசெய்திருப்பார் என்றான்.